ஓடும் கர்னல், வட்டில் கிடக்கும் கர்னல், கருவிகள்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் ‘ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன்’ என்றொரு சிறிய கட்டளை உண்டு. அதனோடு கே, ஆர், யு ஆகிய மூன்று எழுத்துகளையும் சேர்த்துக் கொடுத்தால் திரையில் மூன்று வரிகள் வரும். முதல் வரி வட்டில் நிறுவப்பட்டிருக்கும் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) பதிப்பு; இரண்டாவது, இந்த நொடியில் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் பதிப்பு; மூன்றாவது, கர்னலுக்கு வெளியே இருக்கும் கருவிகள், நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லைப்ரரிகள் ஆகியவற்றின் பதிப்பு. கர்னலும் கருவிகளும் ஒத்துப்போக வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். பராமரிப்பு வேலையில் எனக்கு வந்து சேரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த நடு வரியைச் சார்ந்தவை. வட்டில் எல்லாம் புதியதாக இருக்கும், நினைவகத்தில் மட்டும் போன மாதத்துக் கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்.

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள், எடைமேடைகள், தர்மபுரிப் பக்கம் ஓரிரு கல்லூரி ஆய்வகங்கள் ஆகியவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பெங்களூரு இங்கிருந்து வெகுதூரம் இல்லையென்றாலும் அங்குள்ள வசதி எதுவும் இங்கில்லை. பெரும்பாலான இடங்களில் இருப்பது ஒரே ஒரு பெட்டி. சோதனை செய்துபார்க்க இரண்டாவது பெட்டி கிடையாது. ஆகவே, எந்தப் பகுதியை முதலில் மாற்றுவது, எங்கே நிறுத்தினால் பெட்டி மீண்டும் எழும் என்பவை இங்கே அன்றாடக் கேள்விகள்.

கருவிகளும் கர்னலும் பேசிக்கொள்ளும் முதன்மையான வழி சிஸ்டம் கால். கோப்பைத் திற, படி, நேரத்தைச் சொல், புதிய செயலியை (ஓடும் நிரலை) தொடங்கு என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. கோரிக்கையோடு செல்லும் தரவுக்கு ஒரு வடிவமும் உண்டு. எண்ணும் வடிவமும் இரு தரப்பிலும் ஒன்றாக இருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் எல்லாக் கருவிகளும் இந்த நேர்வழியில் போனதில்லை. பழைய யூனிக்ஸில் செயலிகளின் பட்டியலைக் காட்டும் ‘பிஎஸ்’ கட்டளை, கர்னல் கோப்பிலிருந்து குறியீடுகளின் முகவரிகளை எடுத்துக்கொண்டு, ‘/டெவ்/கேமெம்’ என்ற சாதனக் கோப்பின் வழியாகக் கர்னலின் நினைவகத்துக்குள்ளேயே போய்த் தனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டது. கர்னலின் உள்ளமைப்பில் ஒரு புலம் நான்கு பைட்டு நகர்ந்தால் போதும், அது காட்டும் பட்டியல் குப்பையாகிவிடும். கர்னலை மாற்றினால் ‘பிஎஸ்’ஸையும் சேர்த்துத் தொகுத்தாக வேண்டியிருந்தது.

இரண்டையும் ஒரே மூலத்தொகுப்பில் வைத்து ஒன்றாக வெளியிடும் பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளங்களின் வழக்கம் இந்தச் சூழலுக்கு மிகவும் பொருந்தியது. ஃப்ரீபிஎஸ்டியில் இன்று ‘பிஎஸ்’ நேரடியாகக் கர்னல் நினைவகத்தைத் துழாவுவதில்லை. கர்னலே ஒரு கட்டமைப்பை நிரப்பித் தருகிறது. அந்தக் கட்டமைப்புக்குள் அதன் அளவையும் ஒரு புலமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கருவி எதிர்பார்த்த அளவும் வந்த அளவும் வேறுபட்டால், எத்தனை எதிர்பார்த்தேன், எத்தனை வந்தது என்று எண்ணோடு சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. தவறான பட்டியலைத் தருவதைவிட மறுத்துவிடுவது நல்லது. இந்தச் செய்தியைக் கண்டவர்கள் கருவியில் பழுது என்று எண்ணி அதை மறுபடி நிறுவப் போவார்கள். கேட்க வேண்டிய கேள்வியோ இந்தப் பெட்டி கடைசியாக எப்போது மறுதொடக்கம் செய்யப்பட்டது என்பதுதான்.

மூலத்திலிருந்து ஃப்ரீபிஎஸ்டியைப் புதுப்பிக்கும் வரிசை கையேட்டில் தெளிவாக இருக்கிறது: பில்ட்வேர்ல்டு, பில்ட்கர்னல், இன்ஸ்டால்கர்னல், மறுதொடக்கம், இன்ஸ்டால்வேர்ல்டு, பிறகு அமைவுக் கோப்புகளை இணைத்தல், கடைசியாகப் பழைய கோப்புகளை நீக்குதல். ‘பில்ட்’ என்றால் தொகுத்தல், ‘இன்ஸ்டால்’ என்றால் நிறுவுதல், ‘வேர்ல்டு’ என்றால் கர்னலுக்கு வெளியே உள்ள கருவிகளும் லைப்ரரிகளும். பலரும் இந்த வரிசையை மனப்பாடமாகச் செய்கிறார்கள். காரணம் தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. கர்னலுக்கு முன் ‘வேர்ல்டு’ தொகுக்கப்படுவது, புதிய கர்னலைத் தொகுக்கப் புதிய கம்பைலர் (மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் கருவி) வேண்டும் என்பதற்காக. அந்தக் கம்பைலர் ‘பில்ட்வேர்ல்டு’ நடக்கும்போது உருவாகிறது. தொகுக்கும்போது கருவிகள் முதலில் வருகின்றன, நிறுவும்போது கர்னல் முதலில் வருகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

நிறுவும்போது ஏன் கர்னல் முதலில்? புதிய கர்னலுக்குப் பழைய கருவிகளின் பேச்சு புரியும். பழைய கர்னலுக்குப் புதிய கருவிகளின் பேச்சு புரியாது. எங்கள் ஊரில் இதை விளக்குவது எளிது. 2004ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. இன்றும் பழைய பத்திரங்களில் ‘தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்’ என்றுதான் இருக்கிறது. அவற்றைப் பார்க்கும் அலுவலகத்துக்கு அது புரிகிறது, வேலை நடக்கிறது. 2003இல் இருந்த ஓர் அலுவலகத்திடம் ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், அப்படி ஒரு மாவட்டமே இல்லையென்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மறுதொடக்கத்தைத் தாண்டிக் குதித்து, பழைய கர்னல் ஓடும்போதே புதிய கருவிகளை நிறுவினால் என்ன ஆகும்? பல நேரங்களில் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அது ஒரு கெட்ட பழக்கமாகவே நிலைத்துவிடுகிறது. புதிய சி லைப்ரரி புதிதாகச் சேர்ந்த ஒரு சிஸ்டம் காலைப் பயன்படுத்தத் தொடங்கிய பதிப்பில் மட்டும் விளைவு தெரியும். கட்டளைகளை வாங்கும் ஷெல்லே எழாது, ‘பேட் சிஸ்டம் கால்’ என்று ஒவ்வொரு கட்டளையும் சாகும். நிறுவும் வேலையைச் செய்துகொண்டிருக்கும் கருவிகளே பாதி வழியில் மாற்றப்படும் அபாயம் இருப்பதால், ‘இன்ஸ்டால்வேர்ல்டு’ தனக்குத் தேவையான கட்டளைகளையும் அவற்றின் லைப்ரரிகளையும் முதலில் ஒரு தற்காலிக அடைவில் படியெடுத்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறது. அந்த முன்யோசனையும்கூடப் பழைய கர்னலைப் புதியதாக்கிவிடாது.

2017 மே மாதம் ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளையில், கோப்பு முறை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் ஐநோடு எண் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு விரிந்தது; அந்த மாற்றம் 2018 டிசம்பரில் வந்த 12.0 பதிப்பில் எல்லோருக்கும் கிடைத்தது. கோப்பின் விவரங்களையும் அடைவின் பட்டியலையும் கொண்டுவரும் கட்டமைப்புகளின் வடிவமே மாறியதால், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’கூட இரு தரப்பின் ஒப்புதல் இல்லாமல் ஓடாது என்ற நிலை. பழைய நிரல்கள் கேட்டால் பழைய வடிவத்தில் பதில் சொல்லக் கர்னலில் ஒரு பொருந்தல் பகுதியைச் சேர்த்தார்கள். லைப்ரரியில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் பதிப்புக் குறி இருந்ததால் பழைய நிரல் பழைய செயற்கூறையே பிடித்துக்கொண்டது. பின்னோக்கிய பொருத்தம் தானாக வருவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. யாரோ உட்கார்ந்து எழுதினால்தான் அது உண்டு.

அதே குடும்பத்து ஓபன்பிஎஸ்டி இந்தச் சுமையையே ஏற்பதில்லை. 2014 மே மாதம் வெளியான 5.5 பதிப்பில் நேரத்தைக் குறிக்கும் எண்ணை எல்லாக் கணினி வகைகளிலும் 64 பிட்டாக்கினார்கள். 32 பிட்டில் அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். பழைய நிரல்களுக்கென்று பொருந்தல் பகுதி எதையும் வைத்துக்கொள்ளாமல், கர்னல், கருவிகள், தொகுப்புகள் அனைத்தையும் ஒரே அடியாக மாற்றச் சொன்னார்கள். அவர்களின் மேம்படுத்தும் முறையும் அதற்கேற்றதுதான். நினைவகத்திலேயே ஓடும் ஒரு சிறு நிறுவல் கர்னலிலிருந்து பெட்டியை எழுப்பி, வட்டில் உள்ள கர்னலையும் கருவிகளையும் ஒருசேர மாற்றிவிட்டு, மறுபடி எழுகிறார்கள். அந்த நேரத்தில் ஓடுவது பழைய நிறுவலின் கர்னலே அல்ல என்பதால், வரிசைக் கேள்வியே எழுவதில்லை. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் பதிப்புகளைத் தாண்டாமல் ஒவ்வொன்றாக ஏறிவர வேண்டும் என்ற விதியும் கூடவே இருப்பதால், ஆண்டுக்கணக்கில் தொடாத பெட்டிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவு வருவதில்லை.

லினக்ஸின் கதை வேறு. கர்னலை ஒரு கூட்டம் எழுதுகிறது, சி லைப்ரரியை இன்னொரு கூட்டம், ‘பிஎஸ்’ஸை வேறொரு கூட்டம், இவற்றைச் சேர்த்துக் கட்டுவது வெளியீட்டாளர்கள். ஒரே மூலத்தொகுப்பு இல்லாத இடத்தில் ஒரே ஒரு வாக்குறுதிதான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவைக்க முடியும்: கர்னலில் செய்யும் மாற்றத்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல் உடையக் கூடாது. 2012 டிசம்பரில், வீடியோ சாதனப் பகுதியில் திருப்பியனுப்பப்படும் ஒரு பிழை எண் மாறியதால் பயனர் நிரல்கள் தடுமாறியபோது, லினக்ஸ் கர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பகுதியின் பொறுப்பாளரைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய மடல் பெயர்பெற்றது. மடலின் மொழியை நான் ஆதரிக்கவில்லை. அந்த விதியின் பலனை நாள்தோறும் அனுபவிக்கிறேன். 2011இல் கர்னலின் எண் 2.6.39இலிருந்து 3.0 ஆனபோது, எண் 2.6 என்றுதான் தொடங்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் சில விழுந்தன. அவற்றுக்காக, கேட்கும் நிரலிடம் மட்டும் ‘நான் இன்னும் 2.6தான்’ என்று பொய் சொல்லும் வசதி ஒன்றைக் கர்னலிலேயே சேர்த்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

ஆனால் அந்த வாக்குறுதி கர்னலின் வெளி வாசலுக்கு மட்டுமே. உள்ளே எதுவும் நிலையானதல்ல என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கர்னலுக்கு வெளியே வளரும் டிரைவர் மாட்யூல்கள் (சாதனங்களை இயக்கக் கர்னலில் ஏற்றப்படும் துண்டுகள்) ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் மறுபடி தொகுக்கப்பட வேண்டும். அதைத் தானாகச் செய்ய டிகேஎம்எஸ் என்ற கருவி இருக்கிறது. அதற்குப் புதிய கர்னலின் ஹெடர் தொகுப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியில் புதிய கர்னல் நன்றாகவே எழும், யுஎஸ்பி வைஃபை மட்டும் காணாமல் போயிருக்கும். வாங்கும்போது விலை மலிவு என்று எடுத்த அந்தக் குச்சிக்கு டிரைவர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தேடத் தொடங்குவார்கள்.

கல்லூரி ஆய்வகங்களில் அடிக்கடி காண்பது கிராஃபிக்ஸ் அட்டையின் சிக்கல். அதன் டிரைவர் இரண்டு பகுதிகளாக வருகிறது: கர்னலுக்குள் ஏறும் மாட்யூல், நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரி. இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தே ஆக வேண்டும். இரவில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடி லைப்ரரியை மாற்றிவிடும். நினைவகத்தில் பழைய மாட்யூலே இருக்கும். காலையில் வரும் மாணவர் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கினால் ‘ட்ரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று வரும். முந்தின நாள் மாலை தொடங்கப்பட்ட வேலையோ ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் பழைய லைப்ரரி ஏற்கெனவே அதன் நினைவகத்தில் ஏற்றப்பட்டுவிட்டது. ஒரே பெட்டியில் ஒருவருக்கு ஓடுகிறது, மற்றவருக்கு ஓடவில்லை என்பதால் அட்டை பழுது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மறுதொடக்கம் செய்தால் தீரும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும், அந்த மாணவரைச் சமாதானப்படுத்துவது தனி வேலை.

சில லினக்ஸ் வெளியீடுகள் புதிய கர்னலை நிறுவும்போதே பழையதன் மாட்யூல் அடைவை நீக்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு மறுதொடக்கம் செய்யாமல் ஒரு பென்டிரைவைச் செருகினால், ஓடும் கர்னல் தனக்குரிய மாட்யூலைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பும். டெபியனும் உபுண்டுவும் கர்னல் தொகுப்பின் பெயரிலேயே பதிப்பெண்ணை வைத்துப் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்திருப்பதால் இந்த இடரைத் தவிர்க்கின்றன. அதற்கு ஈடாகச் சிறிய ‘/பூட்’ பகிர்வு உள்ள பெட்டிகளில் கர்னல்கள் குவிந்து இடம் நிரம்பிவிடும். தொடக்கப் படிமத்தை எழுதும்போது புதுப்பிப்பு பாதியில் நிற்கும். மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்து பெட்டி அணைந்த நாளில்தான் இது வெளிப்படும், ஏனென்றால் அதுவரை அது மறுதொடக்கமே ஆகியிருக்காது.

ஒரு நிரலைத் தன் கருவிகள், லைப்ரரிகளோடு தனியே கட்டி, வெளியே உள்ள கர்னலின் மேலேயே ஓட்டும் கன்டெய்னர்கள் வந்த பிறகு கர்னலும் கருவிகளும் வேறு வேறு காலத்தவையாக இருப்பது விதிவிலக்கு என்ற நிலை போய்விட்டது. உள்ளே புதிய கருவிகள், வெளியே பழைய கர்னல். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.26 பதிப்பு 2017இல் வந்தபோது அது கேட்ட குறைந்தபட்சக் கர்னல் 3.2. சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ் வெளியீட்டின் 2.6.32 கர்னலின் மேல் அத்தகைய கன்டெய்னரை ஏற்றினால் ‘கர்னல் டூ ஓல்டு’ என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நிற்கும். தெளிவான மறுப்பு என்பதால் இதில் குழப்பமில்லை. 2021இல் நடந்தது இதைவிடச் சுவையானது. ஜிலிப்சி 2.34, புதிய செயலியைத் தொடங்க ‘க்ளோன்3’ என்ற புதிய சிஸ்டம் காலை முதலில் முயன்றது. ‘அப்படி ஒன்று என்னிடம் இல்லை’ என்று கர்னல் பதில் சொன்னால், லைப்ரரி பழைய ‘க்ளோன்’ வழிக்குத் திரும்பிவிடும். இப்படி முயன்று பார்த்துப் பின்வாங்குவதுதான் லினக்ஸில் இரு தரப்பும் வேறுபட்ட வயதில் வாழும் முறை. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் அன்றைய பாதுகாப்பு வடிகட்டியோ தனக்குத் தெரியாத அழைப்புக்கு ‘அனுமதி இல்லை’ என்று பதில் சொன்னது. ‘இல்லை’ என்றால் பின்வாங்கத் தெரிந்த லைப்ரரிக்கு ‘கூடாது’ என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை; கன்டெய்னருக்குள் புதிய இழைகளைத் தொடங்க முடியாமல் நிரல்கள் விழுந்தன. டாக்கர் 20.10.10இல் அந்தப் பதிலை மாற்றினார்கள். கர்னல், கருவி இரண்டும் சரியாக இருந்தும் நடுவில் நின்ற ஒன்று தவறான சொல்லைச் சொன்னதால் வந்த வினை. கன்டெய்னர் போன்ற ஃப்ரீபிஎஸ்டி ஜெயிலுக்கும் நிறுவலில் பார்த்த அதே திசை விதிதான்: உள்ளே இருப்பது ஓம்பும் கர்னலைவிடப் பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்கக் கூடாது.

மாங்காய்ப் பருவத்தில், மே தொடங்கி ஜூலை வரையிலும், ஆலைப் பெட்டிகளில் மறுதொடக்கம் கேட்கும் எதையும் செய்ய இங்கே யாரும் விடமாட்டார்கள். காவேரிப்பட்டணம் பக்கத்து ஆலை ஒன்றின் கணக்கரிடம் கேட்டபோது, “சீசன் முடியட்டும் தம்பி. பெங்களூரா வண்டியெல்லாம் ரோட்டுல வரிசையா நிக்குது. எடைமேடை அஞ்சு நிமிஷம் நின்னாலும் ஆளாளுக்குச் சத்தம் போடுவாங்க” என்றார். பெங்களூரா என்பது ஒரு மாங்காய் வகை. “அப்டேட் மட்டும் போட்டுட்டு, ரீஸ்டார்ட்டை அப்புறம் பார்க்கலாமே” என்றும் கேட்டார். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த யோசனைதான் மூன்று வரிகளில் நடு வரியைத் தனியாக விட்டுவிடுகிறது. கர்னலில் உள்ள ஓட்டை அடைபடாது. கருவிகள் மட்டும் முன்னே போய்விடும். நடுப்பருவத்தில் மின்வெட்டு வந்து பெட்டி தானாக எழும்போது, யாரும் எழுப்பிப் பார்த்திராத கர்னல் முதன்முறையாக எழும். ஆகவே நான் வட்டையும் தொடுவதில்லை. ஏப்ரலிலேயே எல்லாவற்றையும் முடித்து, இரண்டு முறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிடுவேன். பருவத்தின் நடுவே தீவிரமான கர்னல் குறை வெளியானால், நள்ளிரவுக்குப் பிறகு வண்டி இல்லாத நேரத்தைக் கேட்டு வாங்கி முழுதாகச் செய்வேன், பாதியாகச் செய்வதில்லை.

இந்த மூன்று வரிகளைப் பார்த்து வீணாகப் பதறுகிறவர்களும் உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் கருவிகளை மட்டும் தொட்டிருந்தால் கர்னல் மாறாது, அதன் திருத்த எண்ணும் ஏறாது. கருவிகளின் திருத்த எண் பி5 என்றும் கர்னலுடையது பி3 என்றும் காட்டுவது அப்போது முற்றிலும் சரியே. வட்டில் இருக்கும் கர்னலும் ஓடும் கர்னலும் வேறுபட்டால்தான் கவலைப்பட வேண்டும். உபுண்டுவில் இதே சேதியை ‘/வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்ட்’ என்ற கோப்பு சொல்கிறது. அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை எல்லாப் பெட்டிகளின் காலை அறிக்கையிலும் சேர்த்திருக்கிறேன்.

இரண்டையும் ஒரே கணத்தில் மாற்றிவிடும் ஏற்பாடு இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். 2016இல் ஆண்ட்ராய்டு 7.0 கொண்டுவந்த ஏ/பி பகிர்வு முறை அதுதான்: ஓடாத பகிர்வில் புதிய கர்னலும் கருவிகளும் எழுதப்படும், மறுதொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே இடம் மாறும், எழாவிட்டால் பழையதற்கே திரும்பும். ஃப்ரீபிஎஸ்டி 12.0இலிருந்து ‘பிஇசிடிஎல்’ என்ற கருவி, இசட்எஃப்எஸ் கோப்பு முறையின் மேல் ஏறத்தாழ அதையே செய்ய உதவுகிறது. ஓடும் நிறுவலின் நகல் ஒன்றை உருவாக்கி, அதை ஓர் அடைவில் ஏற்றி, கர்னலையும் கருவிகளையும் அதற்குள் நிறுவி, அடுத்த முறை அதிலிருந்து எழச் சொல்லலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த நகலுக்குள் நுழைந்து புதிய கருவிகளை ஓட்டினால், அவற்றுக்குக் கிடைப்பது பழைய கர்னல்தான். நிறுவுவதோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை எழுந்த பிறகு செய்ய வேண்டும்.

இசட்எஃப்எஸ்ஸுக்கே இரண்டு பதிப்புகள் உண்டு. ‘இசட்எஃப்எஸ் வெர்ஷன்’ என்று கேட்டால் கருவியின் எண்ணையும் கர்னல் மாட்யூலின் எண்ணையும் தனித்தனி வரியில் காட்டும். புதிய பதிப்புக்கு ஏறிய பிறகு, வட்டுகளைச் சேர்த்து இசட்எஃப்எஸ் அமைத்திருக்கும் சேமிப்புக் குளத்தில் சில புதிய வசதிகள் இயக்கப்படவில்லை என்ற அறிவிப்பு வரும். அதைக் கண்டவுடன் ‘இசட்பூல் அப்கிரேடு’ கொடுத்துவிடுகிறவர்கள், திரும்பிச் செல்லும் வழியைத் தாங்களே மூடிக்கொள்கிறார்கள். மேம்படுத்திய குளத்தைப் பழைய கர்னல் திறக்காமல் போகலாம். கர்னலை வட்டிலிருந்து ஏற்றும் பூட் லோடர் பழையதாக இருந்தால் புதிய கர்னலையும் எட்ட முடியாமல் போகலாம். நான் முதலில் பூட் லோடரைப் புதுப்பிக்கிறேன், பிறகு ஒரு முழுப் பருவம் புதிய கர்னலிலேயே ஓடவிடுகிறேன், ஆகஸ்டு வந்து ஆலை ஓய்ந்த பிறகு பழைய நகலை நீக்கிவிட்டுத்தான் குளத்தைத் தொடுகிறேன்.